வந்து உட்கார்ந்த புள்ளி

டன்லப் தெருவில் இருந்த லாசரஸ் ஸ்டூடியோவுக்குப் படம் எடுக்க வந்தவர்களில் பாதிப் பேர் லாசரஸுக்காக வரவில்லை. அது லாசரஸுக்கும் தெரியும். கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுக்கொண்டு, "சிரிங்க, சிரிங்க, பல்லு தெரியாம சிரிங்க" என்று அவர் சொல்லி முடித்ததும், வந்தவர்கள் எழுந்து முன்னறைக்கு வருவார்கள். அங்கே ஜன்னலோரம் ஒரு சாய்வு மேசைக்கு முன்னால் அவர் மனைவி உர்சுலா உட்கார்ந்திருப்பார். அவரிடம் குரலைத் தாழ்த்திச் சொல்வார்கள்: "கொஞ்சம் பாத்துப் பண்ணிக் குடுங்க."

பார்த்துப் பண்ணுவதுதான் உர்சுலாவின் வேலை. உள்ளங்கை அகல நெகட்டிவை மேசையில் பதித்த கண்ணாடியில் வைப்பார். கீழே ஒரு நிலைக்கண்ணாடித் துண்டு ஜன்னல் வெளிச்சத்தை மேலே அனுப்பும். நெகட்டிவில் எல்லாம் தலைகீழ். கருங்கூந்தல் வெளுத்திருக்கும், வெள்ளைச் சட்டை கறுத்திருக்கும், முகத்துப் பரு ஊசி குத்திய துளைபோல வெளிச்சமாகத் தெரியும். பென்சில் பிடிப்பதற்கான மெருகெண்ணெயை மெல்லத் தடவி, உப்புத்தாளில் உரசி ஊசியாக்கிய பென்சிலால் அந்தத் துளையை அவர் அடைப்பார். கோடு போடுவது அல்ல, தொட்டுத் தொட்டு எடுப்பது. படம் அச்சாகி வரும்போது பரு இருந்த இடத்தில் கன்னம் இருக்கும். அந்த அச்சில் பென்சில் பட்ட இடம் எது என்று மறுநாள் அவருக்கே தெரியாது.

எல்லாவற்றையும் அழித்துவிடுகிறவர் என்று நினைத்துவிடக் கூடாது. அவருக்கு ஒரு சட்டம் இருந்தது. வீரமாகாளியம்மன் கோயிலுக்கு எதிரே மாலை கட்டி விற்கும் மங்களம், மூத்த மகளின் படத்தை மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்பவேண்டி வந்தபோது அந்தச் சட்டத்தோடு மோதிப் பார்த்தார்.

"நிறத்தைக் கொஞ்சம் தூக்கிக் குடுலா, உர்சுலா. நீ நினைச்சா முடியும்."

"நிறத்துல கை வைக்க மாட்டேன்க்கா. அது கூடப் பிறந்தது."

"அந்த உதட்டு மச்சம்?"

"அதுவும் கூடப் பிறந்தது. நெத்தியில ரெண்டு பரு இருக்கு பாருங்க, அது வந்து உட்கார்ந்தது. அத எடுத்துடறேன்."

"மாப்பிள்ளை வீட்டுல கேட்டா நான் என்ன சொல்ல?"

"படத்தையா கட்டிக்கப் போறாங்க? பொண்ணைத்தானே?"

மங்களம் முணுமுணுத்துக்கொண்டே போனார். கல்யாணம் நடந்தது. பின்னால் எத்தனையோ முறை அந்தக் கதையை அவரே சிரித்துக்கொண்டு சொல்லியிருக்கிறார். மச்சத்தைப் பார்த்துத்தான் பையன் சம்மதித்தானாம்.

ஒரு பொருளுக்கு எது சொந்தம், எது அதன்மேல் வந்து சேர்ந்தது என்பது தடித்த புத்தகங்கள் பக்கம் பக்கமாகக் கேட்டுவிட்டு முடிக்காமல் விடுகிற கேள்வி. உர்சுலா அதைப் பென்சில் முனையில் தினமும் முடித்துக்கொண்டிருந்தார். எப்போதும் சரியாக முடித்தார் என்று சொல்வதற்கில்லை.

உர்சுலாவின் தகப்பனார் பெயர் இஞ்ஞாசி. துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். கான்வென்டில் படிப்பைப் பாதியில் நிறுத்திவிட்டு நார்த் பிரிட்ஜ் ரோட்டில் ஒரு சீனர் ஸ்டூடியோவில் படங்களைக் கழுவிக் காயப்போடும் வேலைக்கு உர்சுலா போனார். குப்பைக்குப் போகும் நெகட்டிவ்களை வீட்டுக்கு எடுத்துவந்து, முன்பின் தெரியாத மனிதர்களின் முகங்களில் தானாகவே பழகினார். எழுபதுகளின் தொடக்கத்தில் லாசரஸைக் கட்டிக்கொண்டபோது சீர்வரிசையோடு பென்சில் பெட்டியும் வந்தது. ஸ்டூடியோ திறந்தார்கள். ஆனி பிறந்தாள். மேல்மாடி வாடகை அறையை விட்டு, தீவின் வடகோடியில் மார்சிலிங்கில் ஃபிளாட் கிடைத்துப் போனார்கள். தினமும் நீண்ட பஸ் பயணம். ஆனி படித்த பள்ளிக்கூடம் ஸ்டூடியோவுக்குப் பக்கம் என்பதால் மூவரும் சேர்ந்தே போய்ச் சேர்ந்தே திரும்பினார்கள். கலர் படம் வந்த பிறகு பென்சிலுக்கு வேலை குறைந்தது. உர்சுலா அதற்காகப் புலம்பவில்லை. ஆனி மாதா கோயிலில் முதல் நன்மை வாங்கிய நாளின் படத்தைக் கலரில்தான் எடுக்கச் சொன்னார். "கலர்ல அவ கவுன்ல இருக்கற பூ நல்லாத் தெரியும்" என்பது அவர் கட்சி.

எண்பத்து நான்காம் வருடம், பள்ளி விடுமுறை தொடங்குகிற சமயத்தில், பல் டாக்டர் அற்புதராஜ் ஸ்டூடியோவுக்கு வந்தார். ஓஃபிர் ரோட்டு லூர்து மாதா கோயிலில் ஞாயிறு பூசைக்கு வருகிறவர், வெளிநாட்டில் படித்துத் திரும்பிய இளைஞர். தாம்சன் ரோட்டுப் பக்கம் ஒரு பல் கிளினிக்கில் அவருக்கு வேலை. அவர் வந்த நேரத்தில் உர்சுலா பின்கட்டில் படங்களை அலசிக்கொண்டிருந்தார். குழாய் சத்தமாக ஓடிக்கொண்டிருந்தது.

"அண்ணே, உங்க பழைய பெரிய கேமரா இன்னும் இருக்கா? துருத்தி வச்சது?"

"இருக்கு டாக்டர். யாருக்குக் கல்யாணம்?"

"கல்யாணம் இல்லண்ணே. பல்லு." அற்புதராஜ் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "ஒரு லேசர் மெஷின் கடனா வாங்கிட்டு வந்திருக்கேன். ஒரு காலேஜ் லேப்ல கெஞ்சி வாங்கினது. டார்ச் லைட் மாதிரி பரவாது, நூல் மாதிரி நேரா வரும். நீலமும் பச்சையும் கலந்த வெளிச்சம். அது பல்லுல பட்டா பல்லு தானாவே ஒரு மஞ்சள் வெளிச்சம் விடும். மஞ்சக் கண்ணாடி போட்டுக்கிட்டா நீலம் மறைஞ்சு, பல்லோட சொந்த வெளிச்சம் மட்டும் தெரியும்."

"அடேயப்பா. பல்லு மின்னுமா?"

"மின்னும். ஆனா சொத்தை ஆரம்பிக்கற இடம் மின்னாது. அந்த இடம் மட்டும் கறுப்பாத் தெரியும். ஓட்டை விழல, வலி இல்ல, எங்க கொக்கி ஊசில குத்திப் பாத்தா ஒண்ணும் தட்டுப்படாது. ஆனா உள்ள கரைய ஆரம்பிச்சிருக்கும். அப்பவே கண்டுபிடிச்சா துளைக்கவே வேணாம். ஃபுளோரைட் தடவி, இனிப்பைக் கட்டுப்படுத்தினா அங்கேயே நின்னுடும். சில நேரம் ஆறியும் போகும்."

"அப்ப படம் எதுக்கு?"

"நான் கண்ணால பார்த்தேன்னு சொன்னா யார் நம்பறது? எங்க பெரிய டாக்டர், சுவா மேடம், படத்தைக் காட்டுன்னு சொல்லிட்டாங்க. சின்ன கேமராவுல எடுத்துப் பெரிசு பண்ணினா மணல் மணலா வருது. லீவு முடியறதுக்குள்ள நல்ல படம் இல்லன்னா மெஷினைத் திருப்பிக் குடுத்துடணும்."

லாசரஸுக்கு அந்த வேலை பிடித்துப்போயிற்று. கல்யாணப் படங்களுக்கு நடுவே லேசர் வெளிச்சத்தில் ஒரு படம் என்பது அந்தத் தெருவில் யாருக்கும் கிடைக்காத பெருமை. குழாயை நிறுத்திவிட்டு உர்சுலா கையைத் துடைத்துக்கொண்டு வந்தபோது டாக்டர் போயிருந்தார்.

"என்னவாம்?"

"பல்லு படம். டாக்டருக்கு. ரொம்ப முக்கியமாம். நல்லா பண்ணிக் குடு."

கணவன் மனைவிக்குள் இவ்வளவுதான் பேச்சு. ஒரே வேலையைப் பல வருடம் சேர்ந்து செய்தவர்கள் பாதி வாக்கியத்தில் பேசிப் பழகிவிடுகிறார்கள். மீதிப் பாதியை மற்றவர் அறிவார் என்ற நம்பிக்கை. பெரும்பாலும் அது பலிக்கும்.

மாதா கோயில் ஞான உபதேச வகுப்புப் பிள்ளைகளைப் பெற்றோர் சம்மதத்தோடு கிளினிக்குக்கு அழைத்துப் போனார்கள். ஆனியும் போனாள். அன்று சாயங்காலம் பஸ்ஸில் வீடு திரும்பும்போது அவள் வாய் ஓயவில்லை.

"ரூம் ஃபுல்லா இருட்டும்மா. அவங்க எல்லாருக்கும் மஞ்சக் கண்ணாடி, எனக்கு மட்டும் கறுப்புக் கண்ணாடி. என் கண்ணுல அந்த லைட் படக்கூடாதாம். உதட்டை இழுத்துப் பிடிக்க ஒரு பிளாஸ்டிக் வச்சாங்க, நான் தவளை மாதிரி இருந்தேன். அப்பா வந்து மூச்சு விடாத, மூச்சு விடாதன்னாரு. எச்சில் ஊறிட்டே இருக்கு, முழுங்கவும் கூடாதாம். டார்ச்சர் லா."

"வலிச்சுதா?"

"லைட் எப்படிம்மா வலிக்கும்?"

லாசரஸ் முன் சீட்டிலிருந்து திரும்பினார். "அசையாம உட்கார்ந்திருந்தா, உர்சுலா. என் மகளாச்சே!"

மறுநாள் கறுப்பு வெள்ளை நெகட்டிவ்கள் உர்சுலாவின் மேசைக்கு வந்தன. எந்த நெகட்டிவிலும் பெயர் இல்லை, ஓரத்தில் எண் மட்டும். முகமில்லாத வாய்கள். ஒவ்வொன்றிலும் ஒரு பல்லும் அதன் அக்கம்பக்கமும் கண்ணாடி முழுக்க நிறைந்திருந்தன. அவர் இதுவரை இப்படி எதையும் பார்த்ததில்லை. பல்லின் மேற்பூச்சில் தோலைவிட மெல்லிய வரிகள் ஓடின. ஈறின் ஓரமாகவும் கடைவாய்ப்பல்லின் பள்ளத்திலும் அங்கங்கே துளை துளையாக வெளிச்சப் புள்ளிகள்.

அவர் யோசிக்கவே இல்லை என்று சொல்ல முடியாது. யோசித்தார். தன் சட்டப்படியே யோசித்தார். பல் முளைக்கும்போது கறையோடு முளைப்பதில்லை. இது கூடப் பிறந்ததல்ல, வந்து உட்கார்ந்தது. பிள்ளைகளின் வாயில் குடித்த மைலோவோ தின்ற மிட்டாயோ ஒட்டியிருக்கும். டாக்டருக்கு முக்கியமான படம். அதில் அழுக்கு இருக்கலாமா?

மெருகெண்ணெய் தடவினார். பென்சிலைக் கூராக்கினார்.

முகத்தைவிட அது கடினமான வேலை. கன்னத்தில் சிறு பிசகு வந்தாலும் கண்ணும் மூக்கும் பார்ப்பவனை வேறு பக்கம் இழுத்துக்கொண்டு போய்விடும். இங்கே பல்லைத் தவிரப் பார்க்க ஒன்றுமில்லை. வரிகளின் போக்கு கெடாமல், அந்த வரிகள் ஓடும் திசையிலேயே தொட்டுத் தொட்டு அடைத்தார். அச்சுப்போட்டு எடுத்துப் பார்த்தபோது தன் வேலையிலேயே மிகச் சிறந்தது இதுதான் என்று அவருக்குத் தோன்றியது. அது உண்மையும்கூட.

"என்னங்க, இதக் கொஞ்சம் பாருங்க."

லாசரஸ் பாஸ்போர்ட் படத்துக்கு உட்கார மறுத்த ஒரு குழந்தையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். "நீ பாத்தா போதும்லா. கவர்ல போட்டு அனுப்பு."

படங்கள் கிளினிக்குப் போயின. நெகட்டிவ்கள் ஸ்டூடியோவிலேயே இருந்தன.

இரண்டொரு நாளில் டாக்டர் அற்புதராஜ் திரும்பி வந்தார். அப்போது மங்களம் தன் இளைய மகளோடு பெஞ்சில் முறைக்குக் காத்திருந்தார். டாக்டர் கவரை மேசைமேல் வைத்துவிட்டு நின்றார். உட்காரவில்லை.

"ஒண்ணும் வரலண்ணே."

"என்ன வரல? நல்ல ஷார்ப்பா இருந்திருக்குமே!"

"ஷார்ப்பாத்தான் இருக்கு. ஒவ்வொரு பல்லும் முத்து மாதிரி இருக்கு. அதான் பிரச்சினை. நான் கண்ணால பார்த்த புள்ளி எதுவும் படத்துல இல்ல. சுவா மேடம் சிரிச்சிட்டாங்க. பார்க்கணும்னு ஆசைப்படறவன் கண்ணுக்கு எல்லாம் தெரியும்னு சொன்னாங்க. மெஷினைப் பேக் பண்ணச் சொல்லிட்டாங்க." டாக்டர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எனக்கே சந்தேகம் வந்துடுச்சு. ஆனா உங்க ஆனி பல்லுல நானே பார்த்தேண்ணே. கீழ் வரிசை, இடது பக்கம், கடைவாய்ப்பல்லு. கறுப்பா, கடுகு சைஸ்ல. இப்ப படத்துல அந்தப் பல்லு சுத்தமா இருக்கு."

"கேமராவுல மாட்டின மஞ்ச ஃபில்டர்ல கோளாறோ?" என்றார் லாசரஸ். "இல்ல, இந்த ஃபிலிம் அந்த வெளிச்சத்தைப் பிடிக்காதோ? நான் வேணா வேற பிராண்ட் போட்டு..."

ஜன்னலோரம் உர்சுலாவின் பென்சில் நின்றுவிட்டது.

அவருக்கு எல்லாம் ஒரே கணத்தில் விளங்கியது. விளங்கிய அடுத்த கணமே, சொல்லாமல் இருந்துவிடலாம் என்பதும் விளங்கியது. யாராலும் கண்டுபிடிக்க முடியாது. அப்படித்தானே அந்தக் கை பெயர் வாங்கியிருக்கிறது! ஃபிலிமின் மேல் பழி போகும், மெஷின் காலேஜுக்குத் திரும்பும், டாக்டர் வேறு வேலையைப் பார்ப்பார். டன்லப் தெருவில் ஸ்டூடியோவின் பெயர் அப்படியே இருக்கும். சொன்னால், பெஞ்சில் உட்கார்ந்திருப்பது மங்களம். மாலை வாங்க வருகிற ஒவ்வொருவரும் பூவோடு இந்தக் கதையையும் வாங்கிக்கொண்டுதான் போவார்கள்.

ஆனால் ஆனியின் பல்லில் கடுகளவு கறுப்பு இருந்திருக்கிறது. அதைத் தன் கையாலேயே மூடியிருக்கிறார், எண்ணை மட்டும் பார்த்து, யாருடைய வாய் என்று தெரியாமல்.

"ஃபில்டர் சரியாத்தான் இருக்கு" என்றார் உர்சுலா. "ஃபிலிமும் சரி. நான்தான் அழிச்சேன்."

டாக்டர் அவர் பக்கம் திரும்பினார்.

"எல்லாப் பல்லுலயும் புள்ளி இருந்துச்சு டாக்டர். அழுக்குன்னு நினைச்சேன். பென்சில் போட்டு எடுத்துட்டேன்."

லாசரஸின் முகம் சிவந்தது. "ஏன், ஒரு வார்த்தை கேக்கக்கூடாதா?"

"நீங்க ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா? நல்லா பண்ணிக் குடுன்னீங்க. நல்லா பண்ணினேன்."

பெஞ்சிலிருந்து மங்களத்தின் குரல் வந்தது. "என் மக நிறத்துல கை வைக்க மாட்டேன்னு அன்னிக்கு என்னா பேச்சுப் பேசின! ஊரு பிள்ளைங்க பல்லை மட்டும் விட்டு வைக்கலியா?"

டாக்டர் அற்புதராஜ் சிரித்துவிட்டார். அவர் சிரித்த பிறகுதான் அறையில் மற்றவர்களுக்கு மூச்சு வந்தது. "உர்சுலாக்கா, அந்தப் பென்சிலை எடுக்க முடியுமா? அழிச்சதை அழிக்க முடியுமா?"

"முடியும்" என்றார் உர்சுலா. "டர்பன்டைன் போட்டாப் போயிடும்."

ஆனியின் எண்ணை டாக்டர் சொன்னார். உர்சுலா அந்த நெகட்டிவைக் கண்ணாடியில் வைத்து, பஞ்சில் டர்பன்டைன் தொட்டு மெல்ல ஒருமுறை துடைத்தார். தன் வாழ்நாளின் சிறந்த வேலை பஞ்சில் சாம்பல் கறையாக வந்து ஒட்டிக்கொண்டது. அடியில் அந்தப் புள்ளி வெளிச்சமாக எழுந்தது. லாசரஸ், டாக்டர், மங்களம், மங்களத்தின் மகள் எல்லாரும் அவர் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார்கள்.

"அதேதான்" என்று டாக்டர் கிசுகிசுத்தார். "அதே இடம்."

எல்லா நெகட்டிவ்களையும் அன்றே துடைத்தார். மறுபடி அச்சுப்போட்ட படங்களில் புள்ளிகள் கறுப்பாக நின்றன. அத்தோடு முடிந்திருந்தால் இது எழுதத்தக்க கதையில்லை. தவறு செய்தவர் தவறைத் துடைத்தார், அவ்வளவுதான். அதற்குப் பாராட்டு தேவையில்லை.

டாக்டர் சுவா படங்களை வாங்கிப் பார்த்தார், அழித்த கதையையும் கேட்டுக்கொண்டார். எடுத்தவரையும் அழித்தவரையும் நேரில் வரச்சொன்னார். அவர் நரைத்த முடியைக் கட்டையாக வெட்டியிருந்த, அவசரமே இல்லாத பெண்மணி. கோபக்காரர் என்று கேள்விப்பட்டுப் போன உர்சுலாவுக்கு அவர் கோபக்காரராகத் தோன்றவில்லை. பழம் பொறுக்குகிற ஆள் ஒவ்வொன்றையும் திருப்பிப் பார்ப்பதுபோல அவர் ஒவ்வொரு படத்தையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பழைய படத்தையும் புதிய படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். பிறகு ஆங்கிலத்தில் நிதானமாகக் கேட்டார்:

"மிஸஸ் லாசரஸ், இங்கே இருந்ததை நீங்கள் எடுத்தீர்கள். எனக்கு அடையாளமே தெரியவில்லை. சரி. இல்லாததை உங்களால் வைக்க முடியுமா?"

லாசரஸ் முந்திக்கொண்டார். "நோ நோ டாக்டர். பென்சில் போட்டா படத்துல வெளுக்கும், கறுக்காது."

அது உண்மைதான். பாதி உண்மை. உர்சுலா கணவரைப் பார்த்தார். பாதி வாக்கியத்தால் வந்த வினை போதும் என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

"முடியும்" என்றார். "பென்சிலால முடியாது. ஆனா ஒரு சின்னக் கத்தி வச்சிருக்கேன். மூக்குக் கண்ணாடி போட்டவங்க படத்துல வெள்ளையா பளபளன்னு அடிக்கும்ல, அத அந்தக் கத்தியாலதான் சுரண்டிக் கறுப்பாக்குவேன். பல்லுலயும் அப்படிப் புள்ளி வைக்கலாம். நான் வைக்கல. ஆனா வைக்க முடியும்."

டாக்டர் அற்புதராஜ் கண்ணை மூடிக்கொண்டார்.

"அப்படியானால் இந்தப் படங்கள் எனக்குப் பிரயோஜனமில்லை" என்றார் டாக்டர் சுவா.

"பிரயோஜனமில்லதான்" என்றார் உர்சுலா. அவருடைய ஆங்கிலம் சுருக்கமானது, ஆனால் நேரானது. "திரும்ப எடுக்கணும் மேடம். நீங்களே பிள்ளைங்களைப் பாருங்க, நீங்களே குறிச்சு வச்சுக்குங்க. யாருக்கும் காட்டாதீங்க. இவர் எடுக்கட்டும். ஃபிலிமைக் கழுவும்போது நீங்க கூட நில்லுங்க. என் மேசைக்கு வரவேணாம். என் கைக்கே வரவேணாம்."

டாக்டர் சுவா படங்களை ஒதுக்கி வைத்தார். "மெஷினைப் பேக் பண்ண வேண்டாம்" என்று அற்புதராஜிடம் சொன்னார். "இந்த வாரக் கடைசி வரைக்கும்."

அந்தச் சனிக்கிழமை பிள்ளைகள் மறுபடி லேசர் வெளிச்சத்தில் வாயைத் திறந்தார்கள். முதலில் டாக்டர் சுவா மஞ்சள் கண்ணாடி போட்டு ஒவ்வொரு வாயையும் பார்த்துத் தனக்கென்று குறித்துக்கொண்டார். பிறகு லாசரஸ் எடுத்தார். மத்தியானம் அந்தப் பெரிய டாக்டர், டன்லப் தெரு ஸ்டூடியோவின் இருட்டறைக்குள் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு லாசரஸோடு நுழைந்தார். உள்ளே புழுக்கம், மருந்துப் புளிப்பு வாடை, இருவர் நின்றால் மூன்றாவது ஆளுக்கு இடமில்லை. கதவை மூடித் திரையை இழுத்துவிட்டார்கள்.

உர்சுலா வெளியே நின்றார். அந்த ஸ்டூடியோ திறந்த நாளிலிருந்து, உள்ளே ஃபிலிம் கழுவும்போது அவர் வெளியே சும்மா நின்றது அதுவே முதல் தடவை. கைகளை என்ன செய்வது என்று தெரியாமல் முந்தானையில் துடைத்துக்கொண்டே இருந்தார். பூக்கூடையோடு அந்தப் பக்கமாகப் போன மங்களம் நின்றார்.

"என்ன வெளிய நிக்கற?"

"உள்ள வேலை நடக்குதுக்கா."

"உன் வேலையா?"

"என் வேலைதான். தொடாம இருக்கற வேலை."

"அது உனக்கு வருமா?" என்றார் மங்களம். ஆனாலும் போகவில்லை. கூடையை இறக்கிவைத்துவிட்டு அவரும் பக்கத்தில் நின்றுகொண்டார்.

திரை விலகியது. டாக்டர் சுவாவின் நெற்றியெல்லாம் வேர்வை. ஈர நெகட்டிவ்களை ஓரத்தில் பிடித்து ஒவ்வொன்றாக ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். தன் குறிப்போடு ஒப்பிட்டார். அவசரப்படவில்லை. தெருவில் காய்கறி லாரி ஒன்று பின்னோக்கி வந்து, சரக்கை இறக்கிவிட்டு, போயும் விட்டது.

"இது வெறும் டீக் கறை" என்று, கூட வந்திருந்த அற்புதராஜிடம் சொல்லி ஒன்றைத் தனியே வைத்தார். "உங்கள் லேசர் இதைச் சொத்தை என்கிறது. தப்பு." இன்னொன்றை எடுத்தார். நீண்ட நேரம் பார்த்தார். "இதை என் கொக்கி ஊசியால் குத்திப் பார்த்தேன். ஒன்றுமில்லை என்று விட்டிருப்பேன்." மறுபடி பார்த்தார். "நான் கண்ணாடி வழியாகப் பார்த்த இடத்திலேயே இருக்கிறது. மற்றதும் அப்படித்தான்."

அற்புதராஜ் மூச்சுவிடாமல் நின்றார், படத்துக்கு உட்கார்ந்த பிள்ளைபோல.

"நாட் பேட்" என்றார் டாக்டர் சுவா. "மெஷின் இருக்கட்டும். காலேஜில் நானே பேசுகிறேன்."

புறப்படும்போது உர்சுலாவின் மேசை முன்னால் நின்றார். "இனிமேல் கிளினிக்குக்கு வருகிற ஒவ்வொரு படத்தின் பின்னாலும் உங்கள் கையெழுத்து வேண்டும், மிஸஸ் லாசரஸ். கை படவில்லை என்று."

"என் கையெழுத்தா மேடம்? நான்தானே அழிச்சவ."

"அதனால்தான்" என்றார் அவர்.

தொட்டால் கண்டுபிடிக்க முடியாது என்று பெயரெடுத்த கை, தொடவில்லை என்று கையெழுத்திட்டால் அதற்கு ஒரு மதிப்பு இருக்கிறது. தன்னால் ஏமாற்ற முடியும் என்று, மறைக்க வழி இருந்தபோதே சொன்னவரின் சொல்லைப் பிறகு சோதிக்க வேண்டிய அவசியம் குறைவு. அந்தக் கத்தியைப் பற்றி உர்சுலா வாய் திறக்காமல் இருந்திருந்தால் அன்றைக்கே வேலை முடிந்திருக்கும், மெஷினும் இருந்திருக்கும். அதிலிருந்து விளைந்த ஒவ்வொரு படத்தின் அடியிலும் ஒரு பாதி உண்மை கிடந்திருக்கும். பல்லின் மேற்பூச்சுக்கு அடியில் கரைவது போலத்தான் அதுவும். வெளியே தெரியாது. இதை அவர் இப்படியெல்லாம் யோசித்துச் செய்யவில்லை. கேட்டார்கள், தெரிந்ததைச் சொன்னார். யோசித்துச் செய்தவர்களைவிட அவரை ஒரு படி மேலே வைக்கலாம் என்று தோன்றுவதும் அதனால்தான்.

மங்களம் எதிர்பார்த்தபடியே கதையைத் தெருவெல்லாம் சொன்னார். ஆனால் முடிவை மாற்றிச் சொன்னார். "நம்ம உர்சுலா ஒரு டாக்டரையே இருட்டு ரூம்ல நிக்க வச்சா, தெரியுமா?" என்பது அவர் சொன்ன முடிவு. மாலை வாங்க வந்தவர்களில் சிலர் அதைக் கேட்டுவிட்டு ஸ்டூடியோவுக்குப் படம் எடுக்க வந்தார்கள். உர்சுலா அவர்களிடம் வழக்கத்தைவிட ஒரு கேள்வி கூடுதலாகக் கேட்டார்: "இது எதுக்குப் படம்?" அதைக் கேட்காமல் பென்சிலை எடுப்பதில்லை.

ஆனிக்கு டாக்டர் அற்புதராஜ் சில மாதங்களுக்கு ஒருமுறை ஃபுளோரைட் தடவினார். அவள் சப்புக்கொட்டி மிட்டாய் தின்பதை உர்சுலா நிறுத்தினார். நிறுத்தியதாக நினைத்தார். ஆனியின் ஜாமெட்ரி பெட்டியில் மிட்டாய்த் தாள் கிடைத்தபோதெல்லாம் மார்சிலிங் ஃபிளாட்டின் அந்த மாடியே கேட்கும்படி சண்டை நடந்தது.

அடுத்த வருடம் அதே பிள்ளைகளை மறுபடி எடுத்தார்கள். அச்சான படங்களுக்குப் பின்னால் கையெழுத்துப் போட உர்சுலா உட்கார்ந்தார். ஆனியின் எண் இப்போது அவருக்குத் தெரியும். அந்தப் படம் வந்ததும் கை நின்றது.

கடுகளவு கறுப்பு இல்லை. இருந்த இடத்தில் ஒரு மெல்லிய நிழல் மாதிரி ஏதோ இருந்தது. தேடினால்தான் தெரியும். அதைச் சுற்றியும் அதன் மேலும் பல் தன் வெளிச்சத்தை விட்டிருந்தது.

உர்சுலாவின் முகம் மாறியது. "என்னங்க! இத யார் தொட்டது?"

லாசரஸ் இருட்டறையிலிருந்து எட்டிப் பார்த்தார். "யார் தொடுவா? நீதான் தொடக்கூடாதுன்னு சட்டம் போட்டிருக்கியே."

உர்சுலா நம்பவில்லை. நெகட்டிவைத் தேடி எடுத்தார். ஜன்னலுக்குக் கொண்டுபோய் வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பிடித்தார். பென்சில் பட்டிருந்தால் சாய்ந்த வெளிச்சத்தில் ஈயம்போல ஒரு மினுக்கம் தெரியும். உலகத்தில் வேறு யாருக்குத் தெரியாவிட்டாலும் அந்த மினுக்கம் அவருக்குத் தெரியும். இப்படித் திருப்பினார், அப்படித் திருப்பினார். விரல் நுனியால் ஓரத்தைத் தடவினார். மெருகெண்ணெயின் பிசுபிசுப்பு இல்லை. கத்தி சுரண்டிய தடம் இல்லை. ஃபிலிம் கண்ணாடி மாதிரி சுத்தமாக இருந்தது.

வந்து உட்கார்ந்த புள்ளி தானாகவே எழுந்து போய்க்கொண்டிருந்தது.

பெஞ்சில் உட்கார்ந்து வீட்டுப் பாடம் எழுதிக்கொண்டிருந்த ஆனி நிமிர்ந்தாள். "என்னம்மா, மறுபடியும் சொத்தையா?"

"வாயைத் திற" என்றார் உர்சுலா.

"இங்கேயா? ஆளுங்க பாக்கறாங்கம்மா."

"பாக்கட்டும். திற."

ஆனி தவளை மாதிரி வாயைத் திறந்தாள். வெறும் கண்ணுக்கு அங்கே ஒன்றும் தெரியாது என்பது உர்சுலாவுக்குத் தெரியும். இருந்தாலும் மகளின் தாடையைப் பிடித்து ஜன்னல் பக்கம் திருப்பி, கீழ் வரிசை இடது கடைவாய்ப்பல்லை அவர் நிதானமாகப் பார்த்தார், டாக்டர் சுவா பார்ப்பதுபோல. பிறகு மேசைக்குத் திரும்பி, படத்தைக் கவிழ்த்துப்போட்டு, பின்பக்கம் தன் பெயரை முழுசாக, வழக்கத்தைவிடக் கொஞ்சம் பெரிதாக எழுதினார்.